கரைவழியும் மிதிவண்டியும்: செங்கழுநீர்ப்பட்டு முதல் மாமல்லை வரை

வழி சொல்லுவதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்தெடுத்த மொழி தமிழ். பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு பாணனுக்கு எவ்வழியே செல்வது, இடையில் எவர் உணவளிப்பர், எங்கே இரவு தங்கலாம் என்று எடுத்துரைப்பதே ஆற்றுப்படை. தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டை நாட்டு வழிகளின் இலக்கியம். உப்பு வண்டியோடு செல்லும் உமணரும், மிளகுப்பொதி சுமந்த கழுதைகளும், சுங்கம் கொள்ளும் காவலரும் அதில் வருகின்றனர். அந்நூல் கூறும் நீர்ப்பெயற்று என்னும் துறையை இன்றைய மாமல்லபுரமாகக் கருதும் அறிஞரும் உளர்.

அத்தொண்டை நாட்டின் நடுவே, செங்கற்பட்டுக் குன்றுகளுக்கும் மாமல்லைக் கடலுக்கும் இடையே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் சுற்றளவுள்ள ஒரு வழி உண்டு. செங்கற்பட்டின் கொளவாய் ஏரியிலிருந்து வடகிழக்கே காட்டுக் குன்றுகளினூடே திருவடிசூலம், அங்கிருந்து திருப்போரூர், பின் தெற்கே மாமல்லபுரம், மீண்டும் மேற்கே திருக்கழுக்குன்றம், வல்லம் வழியாகச் செங்கற்பட்டு. விடுமுறை நாள்களின் விடியலில் மிதிவண்டியர் விரும்பிச் செல்லும் தடங்களுள் இதன் பகுதிகளும் அடங்கும். அவர்கள் இவ்வழியை இயற்கை எழிலுக்காகத் தேர்கின்றனர். ஆயின் அவர்கள் காணும் எழிலில் பாதி, மனிதர் மண் சுமந்து ஆக்கியது. அந்த ஆக்கத்தின் வரலாறும், அதனோடு பிணைந்த மிதிவண்டியின் வரலாறும் ஒருங்கே வைத்து எண்ணத்தக்கவை.

ஏரி என்னும் படைப்பு

செங்கழுநீர்ப்பட்டு என்பதே செங்கற்பட்டு என மருவியது என்பர். நீர்ப்பூவால் பெயர் பெற்ற ஊர் அது. சென்னையிலிருந்து தெற்கே செல்லும் புகைவண்டிப் பயணி, பரனூர் கடந்ததும் இடப்புறம் விரிந்த நீர்ப்பரப்பையும் அதன் பின்னே குன்றுகளையும் காண்கிறார். அதுவே கொளவாய் ஏரி. மழைக்காலத்தின் முடிவில் நீர் நிறைந்து, மாலை வெயில் சாயும் போது, குன்றின் நிழல் நீரில் விழும் காட்சி பல கவிஞரைச் சன்னலோரம் இழுத்திருக்கும்.

தொண்டை நாட்டு ஏரி மலைநாட்டு ஏரியைப் போன்றதன்று. இங்கே நிலம் மேற்கிலிருந்து கிழக்காக மெல்லச் சரிகிறது. வற்றாத பேராறு இல்லை. பாலாறு பெரும்பாலான நாள்களில் மணலாறு. வடகிழக்குப் பருவமழை கொட்டும் சில வாரங்களின் நீரைத் தேக்கினால்தான் பயிர் உண்டு. ஆகவே முன்னோர் சரிவுக்குக் குறுக்கே வளைந்த கரை ஒன்றை எழுப்பினர். குன்று இருக்கும் இடத்தில் கரையின் முனையைக் குன்றோடு கட்டினர். கரைக்கு உட்பட்ட பரப்பு உள்வாய். பாசனத்திற்கு நீர் விடும் வாயில் மதகு. மிகுந்த நீர் வழிந்தோடும் இடம் கலங்கல். ஓர் ஏரியின் கலங்கல் நீர் அடுத்த ஏரியின் உள்வாயில் சேரும். இவ்வாறு சங்கிலியாய்த் தொடுத்த ஏரிகள் கடைசியில் ஆற்றையோ கடலையோ அடையும். கொளவாயின் மிகுநீர் நீஞ்சல் மடு வழியே பாலாற்றைச் சேர்வதும் இம்முறையே.

கரை மேடாக இருப்பதால் மழையிலும் சேறாகாது. இருபுறமும் தாழ்ந்திருக்க, ஊருக்கும் ஊருக்கும் இடையே நடக்கத் தகுந்த ஒரே மேட்டுநிலம் பல இடங்களில் ஏரிக்கரைதான். நீர் காக்க எழுப்பியது கால் பதிக்கவும் உதவிற்று. பனையும் புளியும் வேலமும் கரையைப் பிடித்து நின்றன. வண்டித்தடம் அவற்றின் நிழலில் ஓடியது. இப்பகுதிச் சாலைகள் காரணமின்றி வளைவன போல் தோன்றும் இடங்களில் சற்று நின்று நோக்கினால், அருகே ஒரு பழைய கரையோ வாய்க்காலோ கண்ணிற்படும்.

நடந்தவர் கரையைக் காத்தனர் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. நாளும் கரைமேல் நடப்பவனுக்கே நண்டு வளை தெரியும். எலி தோண்டிய பொந்து தெரியும். மதகருகே மண் நெகிழ்வது தெரியும். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவை, ஊர்ச்சபையின் வாரியங்களைக் குடவோலை வழித் தேர்ந்த முறையைக் கூறுகின்றன. அவற்றுள் ஏரி வாரியம் என்றே ஒன்று இருந்தது. கரை பார்க்கும் கண்ணை ஊரே தேர்ந்தெடுத்தது என்பது இதன் பொருள்.

கல்லில் எழுதிய தொடர்ச்சி

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றச் சாலையில் 4 கிலோமீட்டர் அளவில் உள்ள வல்லத்தில், சிறு குன்றின் சரிவில் பல்லவர் காலக் குடைவரைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றை மகேந்திரவர்மனுக்கு அடங்கிய வயந்தப்பிரி அரசரின் மகன் கந்தசேனன் செய்வித்தான் எனத் தமிழ்க் கல்வெட்டுக் கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இக்குன்றடியில் மக்கள் வழக்காறு இருந்தமைக்கு அது சான்று. ஆளரவமற்ற காட்டில் எவரும் தம் பெயரைக் கல்லில் வெட்டி வைப்பதில்லை.

அச்சாலையில் மேலும் 10 கிலோமீட்டர் சென்றால் திருக்கழுக்குன்றம். நாயன்மார் மூவரும் மாணிக்கவாசகரும் பாடிய தலம். இங்குள்ள கல்வெட்டொன்று சிறப்பானது. கந்தசிடன் என்னும் பழம் பல்லவ மன்னன் கோயிலுக்களித்த நிலக்கொடையை, வாதாபி கொண்ட நரசிம்மவர்மன் அவ்வாறே காத்ததாகவும், அதனைத் தானும் காப்பதாகவும் ஆதித்த சோழன் காலத்தில் பொறிக்கப்பட்டது. அரசகுலம் மாறியது, வென்றவன் தோற்றவனின் அறத்தை அழிக்கவில்லை. முன்னவர் வைத்ததைப் பின்னவர் காத்தல் என்னும் இந்த ஒழுங்கே ஏரிகளையும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் உயிரோடு வைத்தது.

மலைமீதுள்ள ஒருகல் மண்டபத்தில் வேறொரு வகை எழுத்தும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் அருகிலுள்ள சதுரங்கப்பட்டினத்தில் வணிகம் செய்ய வந்து தங்கிய டச்சுக்காரர்கள், இம்மலைக்கு வந்து தங்கள் பெயர்களைத் தூண்களிலும் சுவர்களிலும் கீறிச் சென்றுள்ளனர். கடற்கரை வணிகன் தன் ஓய்வு நாளில் நெய்தலிலிருந்து குறிஞ்சிக்கு வந்து இளைப்பாறிய முதற்பதிவுகளுள் அதுவும் ஒன்று எனலாம். சுற்றுலா என்னும் சொல் வழக்கிற்கு வருமுன்னரே இவ்வழியில் அது நிகழ்ந்திருக்கிறது.

இடைச்சுரத்து மோர்

வட்டத்தின் வடபாதி இன்னும் அழகியது. கொளவாய் ஏரியைப் புறத்தே விட்டு வடகிழக்காகச் செல்லும் சாலை, காப்புக்காடுகளுக்கு இடையே புகுகிறது. குன்றுகள் உயரமானவை அல்ல. பாறையும் புதரும் கலந்தவை. சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைக்காட்டின் எச்சங்களாக வீரையும் காசாவும் உலக்கைப்பாலையும் களாவும் சூரையும் ஆங்காங்கே நிற்கின்றன. இக்காடுகளின் தடங்களை எல்லாரினும் நன்கறிந்தோர் இருளர். கிழங்கும் தேனும் மூலிகையும் தேடி அவர் நடந்த வழிகள் எந்த வரைபடத்திலும் இல்லை. பாம்பு பிடிக்கும் அவர்தம் தொழிலறிவு, 1978இல் வடநெம்மேலியில் தோன்றிய கூட்டுறவுச் சங்கத்தால் நஞ்சுமுறி மருந்துக்குப் பயன்படலாயிற்று.

செங்கற்பட்டிலிருந்து 9 கிலோமீட்டர் அளவில் உள்ளது திருவடிசூலம். பாடல் பெற்ற திருவிடைச்சுரம் அதுவே. சுரம் என்ற சொல் தமிழ்க் கவிஞருக்குப் புதிதன்று. வெயில் காயும் அருவழி. தலைவன் பொருள்வயின் பிரிந்து கடக்கும் நிலம். இத்தலத்து வரலாறும் அச்சொல்லுக்கு இயைந்ததே. வெயிலில் நடந்து களைத்து வந்த ஞானசம்பந்தருக்கு, இறைவன் இடையன் வடிவில் தோன்றி மோர் அளித்தான் என்பர். வழிநடைக் களைப்பும், நீர்வேட்கையும், முன்பின் அறியாதவன் நீட்டும் ஒரு கலம் மோரும் சேர்ந்து ஒரு தலத்தின் கதையாயின. ஆற்றுப்படையின் அறமும் இதுவே. வழி என்பது அதில் செல்பவரை ஏற்பவர் இருக்கும்போதே முழுமை பெறுகிறது.

இங்கிருந்து சாலை திருப்போரூரை அடைகிறது. முருகன் திருக்கோயிலும், பதினேழாம் நூற்றாண்டில் அதனைத் திருப்பணி செய்து சந்நிதி முறை பாடிய சிதம்பர சுவாமிகளின் நினைவும் அவ்வூரின் செல்வங்கள். கிழக்கே சிறு தொலைவில் உவர்நீர்ப் பரப்பும் பக்கிங்காம் கால்வாயும் கடலும். 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில், கூலிக்கு மண் வெட்டிய ஏழைகளின் உழைப்பும் அக்கால்வாயில் உண்டு. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு இடப்பட்டது. மண் சுமந்தவர் பெயர் எதற்கும் இடப்படவில்லை.

போரும் பழுதும்

ஏரி அழகுக்கும் பயிருக்கும் மட்டுமன்றி அரணுக்கும் உதவியது. விசயநகரப் பேரரசு தளர்ந்த காலத்தில் அதன் மன்னர்க்கு இருப்பிடமாய் விளங்கிய செங்கற்பட்டுக் கோட்டையின் வலிமை, அதனை அணைத்த ஏரியிலும் சதுப்பிலும் இருந்தது. 1751இல் பிரெஞ்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர்; 1752இல் கிளைவ் மீட்டுக் கொண்டார். 1780 செப்டம்பரில் பொள்ளிலூரில் பெய்லியின் படையை ஐதர் அலியும் திப்புவும் அழித்தபோது, காஞ்சியில் இருந்த எக்டர் மன்றோ தம் பெரும் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்குப் பின்வாங்கினார். அப்போரில் ஊர்கள் எரிந்தன. குடிகள் சிதறினர். பார்க்க ஆளற்ற கரைகள் உடைந்தன.

1794 முதல் 1798 வரை இந்த ஜாகீர்ப் பகுதியின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், கருங்குழியைத் தலைமையிடமாகக் கொண்டு, உடைந்த ஏரிகளைப் பழுது பார்ப்பதில் முனைந்தார். மதுராந்தகம் ஏரி பெருமழையில் உடையும் நிலையில் இருந்த இரவில், வில்லேந்திய இருவர் கரைமேல் நின்று காத்ததை அவர் கண்டதாகவும், அதனால் கோயிலில் தாயார் சந்நிதியைக் கட்டுவித்ததாகவும் ஊரார் கூறுவர். ஏரி காத்த இராமர் என்னும் பெயர் அங்கே இன்றும் வழங்குகிறது. கதையின் உள்ளே ஒரு நடைமுறை உண்மை உண்டு. வெள்ள இரவில் யாரேனும் கரைமேல் நிற்க வேண்டும். வேடந்தாங்கல் ஏரியின் பறவைகளைச் சிப்பாய்கள் சுடுவதைத் தடுக்க வேண்டி அவ்வூர்க் குடிகள் முறையிட்டு உறுதி பெற்றதும் அக்கால அளவிலேதான். பறவை எச்சம் கலந்த நீர் தம் வயலுக்கு உரம் என்பதை அவர் அறிந்திருந்தனர்.

கம்பெனி ஆட்சி வேரூன்றிய பின்னர், ஊரே கூடி ஏரி தூர்வாரும் குடிமராமத்து வழக்கம் தளர்ந்தது. 1858ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கட்டாயமாக்க முயன்றது. உரிமை போன இடத்தில் கடமை மட்டும் நிலைக்கவில்லை. ஏரி பொதுப்பணியின் கோப்பில் ஒரு பெயராயிற்று. ஆயினும் கரைவழி வழக்கொழியவில்லை. மாட்டு வண்டியும் கால்நடையுமாக அது தொடர்ந்தது. அதன்மேல் புதிதாய் ஒன்று உருண்டு வந்தது.

சைக்கிள் வந்த வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவிற்கு வந்த மிதிவண்டி, முதலில் வெள்ளை அதிகாரிகளின், செல்வரின் ஊர்தி. அது குடியானவர் கைக்கு வர அரை நூற்றாண்டு ஆயிற்று. அதில் பழைய செங்கற்பட்டு மாவட்டத்திற்குத் தனிப் பங்கு உண்டு. 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் இணைந்து தொடங்கிய மிதிவண்டித் தொழிலகம் அம்பத்தூரில் அமைந்தது. அம்பத்தூர் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். இந்த மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிந்தது. செங்கற்பட்டைத் தலைநகராகக் கொண்ட புதிய மாவட்டம் 2019இல் பிறந்தது. எல்லைகள் எவ்வாறு மாறினும், ஏரிகளின் மாவட்டத்திலேயே மிதிவண்டியும் செய்யப்பட்டது என்னும் வரலாறு மாறாது.

அக்காலத்தில் மிதிவண்டிக்கு நகராட்சி வரி இருந்தது; வரி கட்டியதற்கு அடையாளமாகத் தகர வில்லை இருந்தது; இரவில் விளக்கின்றி ஓட்டினாலும் பின்னே ஒருவரை ஏற்றினாலும் காவலர் பிடித்தனர். சொந்த வண்டி வாங்க இயலாதவர்க்கு மணிக்கணக்கில் தரும் வாடகைக் கடைகள் இருந்தன. பால்காரர், அஞ்சல்காரர், பள்ளி ஆசிரியர், கொல்லத்துக்காரர், விறகுக் கட்டும் மீன்கூடையும் சுமந்தவர் எனப் பலரும் கரைவழியே மிதித்தனர். ஊரிலிருந்து செங்கற்பட்டு நிலையம் வரை மிதித்து, அங்கே வண்டியை நிறுத்திப் பூட்டிவிட்டு, மின்தொடர் வண்டியில் சென்னைக்கு வேலைக்குப் போவோர் ஒரு தலைமுறையாகவே உருவாயினர். மாமல்லபுரத்தில் அயல்நாட்டுப் பயணிகள் வாடகை வண்டி எடுத்துச் சாளுவன்குப்பத்துப் புலிக்குகைக்கும் திருக்கழுக்குன்றத்திற்கும் சென்றனர். டச்சுக்காரர் வந்த தடத்தில் மீண்டும் ஐரோப்பியர் மலைக்கு வந்தனர், இம்முறை தாமே மிதித்து.

மிதிவண்டியின் சிறப்பு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அது இருந்த வழியை இருந்தவாறே ஏற்றுக்கொண்டது. அதற்காக எந்தக் கரையையும் அகலப்படுத்த வேண்டியிருக்கவில்லை. எந்தப் புளியமரத்தையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. ஒரு சாண் அகலத் தடம் அதற்குப் போதும். கரையின் நிலை அறியும் வேகத்தில் அது சென்றது. வழிபோக்கன் ஒரு சொல் பேச நினைத்தால் ஒரு காலை ஊன்றி நிற்கலாம்.

பெண்கள் அதில் ஏறியபோது அதன் வரலாறு மற்றொரு திருப்பம் கண்டது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு இணைந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றனர். 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கிப் பின்னர்ப் படிப்படியாக மற்ற மாணவர்க்கும் விரிவாக்கியது. மேல்நிலைப் பள்ளி பக்கத்தூரில் இருந்தால் பெண்ணின் படிப்பு பத்தாம் வகுப்போடு முடியும் என்றிருந்த சிற்றூர்களில், தொலைவு ஒரு தடையாக இருந்த நிலை தளர்ந்தது. காலையில் ஏரிக்கரையில் வரிசையாகச் செல்லும் சீருடை மாணவியர், சம்பந்தரும் கந்தசேனனும் நடந்த நாட்டின் இன்றைய வழிப்போக்கர்.

சாலை அகன்றது

1990களின் இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை உருப்பெற்றது. சென்னையையும் தென்மாவட்டங்களையும் இணைக்கும் நெடுஞ்சாலை நான்கு வழிகளாயிற்று. மக்கள் இவற்றால் பெற்ற பயன் பெரிது, மறுக்க இயலாது. ஆயின் விரைவுக்கென அமைத்த சாலை வளைவை விரும்புவதில்லை. அது உள்வாயைக் கடக்கிறது, வாய்க்காலை மறிக்கிறது, கரைவழியைத் தனித்து விடுகிறது. நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்க வேண்டிய மாணவிக்கு, ஐந்து கிலோமீட்டர் கரைவழியினும் அந்த ஐம்பதடி கடினம்.

நடையும் மிதிப்பும் விலகிய கரையில் முள் மண்டியது. முள் மண்டிய கரையில் குப்பை சேர்ந்தது. எவரும் பார்க்காத ஏரியின் ஓரம் மெல்ல மனையாயிற்று. நகரின் கழிவுநீர் ஏரிகளை நாடி வந்தது; கொளவாயும் அதற்கு விலக்காகவில்லை. ஏரி ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாடு 2007இல் தனிச்சட்டம் இயற்ற வேண்டிய நிலை வந்தது. 2015ஆம் ஆண்டு இறுதியில் பெருமழை பெய்தபோது, நீர் தன் பழைய வழியைத் தேடிச் சென்றது. அங்கே வீடுகள் இருந்தன. கரைவழி அழிந்ததும் ஏரி அழிந்ததும் தனித்தனி நிகழ்ச்சிகள் அல்ல. பார்க்கும் கண் விலகியதே இரண்டிற்கும் தொடக்கம்.

திருக்கழுக்குன்ற மலையில் தம் பெயரைக் கீறிச் சென்றோரின் நாடு இவ்வகையில் ஒரு பாடம் தருகிறது. கடல்மட்டத்திற்குக் கீழே நிலத்தின் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைக் கொண்ட நெதர்லாந்தும் கரைகளால் வாழும் நாடே. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அங்கும் மோட்டார் வண்டி பெருகி, மிதிவண்டி ஒதுங்கியது. சாலையில் குழந்தைகள் பலியாவதைப் பொறாத பெற்றோர் 1970களின் தொடக்கத்தில் தெருவில் இறங்கிக் கிளர்ச்சி செய்தனர். 1973இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அந்நாடு மிதிவண்டிக்குத் தனித்தடங்கள் அமைக்கத் தொடங்கியது. இன்று அந்நாட்டின் வெள்ளத் தடுப்புக் கரைகளின் மேல் பல இடங்களில் மக்கள் மிதிவண்டியில் செல்கின்றனர். கரையைப் பயன்படுத்துவோரே அதன் காவலராகவும் இருக்கின்றனர்.

இதனைத் தொண்டை நாடு அயலாரிடம் கற்க வேண்டியதில்லை. மறந்ததை நினைத்தால் போதும். கொளவாய் முதல் திருவடிசூலம் வரையிலும், வல்லம் முதல் திருக்கழுக்குன்றம் வரையிலும் சாலையோரம் ஒரு முழ அகலத் தடம் மிதிவண்டிக்கென ஒதுக்கப்படுதலும், ஏரிக்கரைகள் மண்வழியாகவே நிழல் மரங்களோடு திறந்திருத்தலும் பெருஞ்செலவு வேண்டும் செயல்கள் அல்ல. அவ்வழியில் விடியற்காலை வரும் சென்னை மிதிவண்டியரும், அதே வழியில் எட்டரை மணிக்குப் பள்ளி செல்லும் மாணவியும் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொள்வர். முன்னவர் அழகுக்காக வருகின்றனர். பின்னவர் தேவைக்காகச் செல்கின்றனர். கரைக்கு இருவரும் வேண்டும்.

நளவெண்பா பாடிய புகழேந்திப் புலவரின் பொன்விளைந்த களத்தூர், செங்கற்பட்டிலிருந்து மிதிவண்டியில் எளிதில் சென்று வரக்கூடிய ஊர். பொன் விளைந்தது என்று ஒரு களத்தூருக்குப் பெயர் வர, அதற்குமுன் நெல் விளைந்திருக்க வேண்டும். நெல் விளைய, ஓர் ஏரி நிறைந்திருக்க வேண்டும். ஏரி நிறைய, யாரோ ஒருவர் மழை இரவில் கரைமேல் நின்றிருக்க வேண்டும். அவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர் நடந்த தடம் இருக்கிறது.